ரொறன்ரோ பொது நூலகத்தின் இணையத் தரவுத்தளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோவில் புதிதாக வந்து இறங்கும் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பவும் வேலைக்கு எழுதிப்போடவும் பல வருடமாக உதவி செய்து வருகிறேன். நூலக அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொண்டே, அதே அட்டையில் காசில்லாமல் கிடைக்கிற பாடத்துக்கு மாதம் மாதம் காசு கட்டுகிறவர்களைக் கண்டு மனம் நொந்துதான் இதைத் தொகுக்கத் தொடங்கினேன். நான் நூலக ஊழியர் இல்லை, பாவிக்கிற ஒருவர்தான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

லைப்ரரி கார்ட் புத்தகம் எடுக்கத்தானே? இந்தத் தரவுத்தளம் எண்டுறது என்ன?

புத்தகம் அந்த அட்டையின் ஒரு பகுதி வேலைதான். தரவுத்தளம் என்றால், தேடி எடுக்கக்கூடிய விதமாக ஒழுங்குபடுத்தி வைத்த பெரிய களஞ்சியம். ஒன்றில் நூறு வருடத்துப் பத்திரிகைப் பக்கங்கள் இருக்கும். இன்னொன்றில் ஆய்விதழ்க் கட்டுரைகள், வேறொன்றில் வீடியோப் பாடங்கள். பெரும்பாலானவற்றைத் தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. நூலகம் அவற்றுக்குச் சந்தா கட்டி, தன் அட்டை வைத்திருக்கிற எல்லாருக்கும் கதவைத் திறந்து விடுகிறது.

ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் உண்டு. மால்வேர்னுக்கோ சீடர்பிரேக்கோ போய்த் தமிழ்ப் புத்தகம் எடுக்கிற எங்கள் ஆட்களில் பலர், வீட்டுக் கணினியிலேயே திறக்கக்கூடிய இந்தப் பக்கத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை.

கூகிள்ல எல்லாம் கிடைக்குதே, பிறகென்னத்துக்கு இது?

கூகிள் பல நேரம் கதவைக் காட்டும், திறக்காது. கட்டுரையின் தலைப்பு வரும், உள்ளே போனால் காசு கேட்கும். 1950களில் வந்த ஒரு பத்திரிகைப் பக்கம் கூகிள் தேடலில் வருவதே அரிது. நூலகத்தின் தரவுத்தளத்தில் அதே பக்கத்தை, அதில் இருந்த விளம்பரங்களோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இங்கே இருப்பவை யாரோ ஒருவர் தெரிந்தெடுத்துச் சேர்த்தவை. எப்போது வந்தது, எந்த இதழில் வந்தது, யார் எழுதினார் என்ற விபரம் ஒவ்வொன்றோடும் இருக்கும். படிக்கிற பிள்ளைக்கு அந்த விபரம் முக்கியம்.

உண்மையாவே காசில்லையோ? பிறகு யார் கட்டுறது?

உண்மையாகவே இல்லை. ஆனால் யாரோ கட்டுகிறார்கள், அது நீங்கள்தான். நூலகத்தின் செலவில் மிகப் பெரும்பகுதி மாநகரசபையிடமிருந்து வருகிறது, மாநகரசபைக்கோ சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டுக்காரர் நேரடியாகக் கட்டுகிறார், வாடகைக்கு இருப்பவர் வாடகைக்குள் கட்டுகிறார். ஆகவே கூச்சப்பட எதுவும் இல்லை.

"முந்தி எடுத்த புத்தகத்தைப் பிந்திக் குடுத்தனான், கார்டில கடன் இருக்கும்" என்று பயந்து போகாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். 2022 முதல் ரொறன்ரோ நூலகத்தில் தாமதக் கட்டணமே கிடையாது. தொலைத்த புத்தகத்துக்கு மட்டும் பொறுப்பு உண்டு. தயங்காமல் போங்கள்.

நாங்கள் இப்ப மார்க்கம். எங்களுக்குத் தருவினமோ?

ரொறன்ரோவில் வசிப்பவர், வேலை செய்பவர், படிப்பவர், அங்கே சொத்து வைத்திருப்பவர் ஆகிய எல்லாருக்கும் அட்டை இலவசம். மார்க்கத்தில் இருந்துகொண்டு ஸ்காபரோவில் வேலை செய்தால், வேலை செய்வதற்கான சான்றைக் காட்டி எடுக்கலாம். குடியுரிமை தேவையில்லை. வெளிநாட்டு மாணவரும் எடுக்கலாம்.

இந்த நான்கிலும் நீங்கள் இல்லையென்றால் காசு கட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் உங்கள் ஊர் நூலகத்தைப் பாருங்கள். மார்க்கம், ஏஜாக்ஸ், பிக்கரிங் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொது நூலகங்கள் உண்டு, அவையும் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்டுகின்றன. பட்டியல்தான் ஊருக்கு ஊர் வேறுபடும். கீழே நான் பெயர் சொல்பவை ரொறன்ரோவில் உள்ளவை. தேடும் முறையும் எச்சரிக்கைகளும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

வீட்டில இருந்து எப்பிடி உள்ளுக்குப் போறது? எனக்கு எப்பவும் காசு கேக்குது.

எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான், தவறும் எப்போதும் ஒரே தவறுதான். அந்த நிறுவனத்தின் இணையத்தளத்துக்கு நேரே போகிறீர்கள். அப்படிப் போனால் அது உங்களை வெளி ஆளாகத்தான் பார்க்கும். நூலகத்தின் இணையத்தளத்துக்கு முதலில் போங்கள். அங்கே தரவுத்தளங்களின் பட்டியல் இருக்கும். அதிலிருந்து அழுத்திப் போனால் அட்டை இலக்கமும் பின் (PIN) எனப்படும் இரகசிய இலக்கமும் கேட்கும். கொடுத்தவுடன் திறந்துவிடும். அட்டை காலாவதியாகி இருந்தால் மட்டும் திறக்காது, அதைப் புதுப்பித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒரு தங்கச்சி, ஒரு கற்றல் தளத்துக்கு நேரே போய், "முதல் மாதம் இலவசம்" என்றதை நம்பிக் கடனட்டை இலக்கம் கொடுத்துவிட்டார். மாதம் முடிந்ததும் நிறுத்த மறந்துபோனார். மூன்று மாதக் காசு போன பிறகுதான் என்னிடம் வந்தார். ஒன்றை நினைவில் வையுங்கள்: நூலகத்தின் வழியாகப் போகும்போது கடனட்டை இலக்கம் கேட்கும் தேவையே வராது. கேட்டால் நீங்கள் வழி மாறிவிட்டீர்கள். மூடிவிட்டு நூலகப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

நான் சென்னைல டெஸ்டிங் வேலை பார்த்தேன். இங்க வந்து கிளவுட் படிக்கணும். அதுக்கு ஏதாவது இருக்கா?

இருக்கிறது, நல்லதாகவே இருக்கிறது. லிங்க்டின் லேர்னிங்கில் வீடியோப் பாடங்கள். ஓ'ரைலியில் கணினித் துறைக்கான முழுப் புத்தகங்கள். கிளவுட் சான்றிதழ்த் தேர்வுகளுக்குத் தயார்செய்கிற புத்தகங்களும் அதில் உண்டு. கடையில் ஒவ்வொன்றும் நல்ல விலை. நான் பார்த்தவரை வீடியோவோடு மட்டும் நின்றவர்களைவிட, ஒரு பாடத்தை வீடியோவில் பார்த்துவிட்டு அதே பகுதியைப் புத்தகத்தில் படித்தவர்கள்தான் நேர்முகத் தேர்வில் தடுமாறாமல் பதில் சொன்னார்கள்.

லிங்க்டினில் உங்களுக்குச் சொந்தக் கணக்கு இல்லாவிட்டாலும் நூலக வழியில் பாடம் பார்க்கலாம். நூலகத்தின் கணக்கும் உங்கள் சொந்தக் கணக்கும் வேறு வேறு. அதனால் இங்கே முடித்த பாடம் தானாக உங்கள் சுயவிபரத்தில் போய் ஏறாது. வேண்டுமானால் நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும்.

அந்த சேர்ட்டிபிகேட்டைக் காட்டினா வேலை தருவாங்களா?

பாடத்தை முடித்ததற்கான சான்றுதான் அது. கல்லூரிச் சான்றிதழோ தொழில் உரிமமோ ஆகாது. பட்டயக் கணக்காளர், தாதி, மின்னியலாளர் போன்ற வேலைகளுக்கு ஒன்ராறியோவில் அந்தந்தத் தொழில் அமைப்பின் அனுமதி வேண்டும். அதை எந்த வீடியோவும் தராது.

ஆனாலும் பயன் உண்டு. இங்கே அலுவலகத்தில் பேசுகிற சொற்கள், பாவிக்கிற மென்பொருள்கள் பழகிவிடும். "கனடிய அனுபவம் இல்லை" என்று ஒதுக்கப்பட்ட ஒருவர், எக்செலில் மூன்று பாடம் முடித்துவிட்டுப் போய், கேட்டதை அந்த இடத்திலேயே செய்து காட்டினார். சான்றிதழைவிட அதுதான் எடுபட்டது.

மகளுக்கு ஐந்து பியர் ரிவியூட் ஆர்ட்டிகிள் வேணுமாம். அது என்ன, எங்க எடுக்கிறது?

ஓர் ஆய்வாளர் எழுதிய கட்டுரையை, அதே துறையில் உள்ள வேறு ஆய்வாளர்கள் வாசித்துக் குறை சொல்லி, திருத்திய பிறகு வெளியிட்டால் அது பியர் ரிவியூட், அதாவது சகஆய்வாளர் பரிசீலித்த கட்டுரை. பத்திரிகைச் செய்தி, விக்கிப்பீடியா, வலைப்பதிவு எதுவும் இதில் சேராது.

நூலகப் பட்டியலில் ஆய்விதழ்கள் என்ற பகுதிக்குப் போய் ஒரு தரவுத்தளத்தைத் திறந்தால், தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் சில சிறிய கட்டங்கள் இருக்கும். அவற்றில் இரண்டில் குறியிடுங்கள்: பரிசீலிக்கப்பட்டவை மட்டும், முழுக் கட்டுரை உள்ளவை மட்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் சுருக்கம் மட்டும் உள்ளவையும் வந்து குவியும். பிள்ளை அந்த ஐந்து வரிச் சுருக்கத்தைப் படித்துவிட்டுக் கட்டுரையையே படித்ததாக எழுதிவிடும், அது கூடாது. கட்டுரையைத் திறந்ததும் மேற்கோள் காட்டும் பொத்தானும் இருக்கும். ஆசிரியர் கேட்கும் வடிவத்தில் அது எழுதித் தரும். தந்ததை ஒரு தடவை சரிபாருங்கள், பெயர்களில் பிழை வருவதுண்டு.

தேடினா ஒண்டும் வருதில்லை. இல்லாட்டி லட்சக்கணக்கில வருது. என்ன பிழை விடுறன்?

முழு வசனமாக எழுதுகிறீர்கள். கனடாவுக்கு வந்த தமிழ் முதியவர்கள் ஏன் தனிமையாக உணர்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் முழுக் கேள்வியாகப் போட்டால் கூகிள் சமாளிக்கும், இது தடுமாறும். மூன்று சொல்லாக உடையுங்கள்: தமிழர், முதியோர், தனிமை. அவற்றின் ஆங்கிலச் சொற்களை "அன்ட்" (AND) போட்டு இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு சொல் இருக்கும். முதியோருக்கு "சீனியர்", "எல்டர்லி", "ஓல்டர் அடல்ட்" என்று மூன்று சொல் ஓடுகிறது. அவற்றை அடைப்புக்குள் "ஓர்" (OR) போட்டு இணையுங்கள். அருகருகே வரவேண்டிய இரண்டு சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள்.

ஒன்றுமே வராவிட்டால் ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள். அதிகமாக வந்தால் ஒன்றைச் சேருங்கள் அல்லது வருடத்தைக் குறுக்குங்கள். நல்ல ஒரு கட்டுரை கிடைத்தால் அதன் கடைசிப் பக்கத்தில் உள்ள உசாத்துணைப் பட்டியலைப் பாருங்கள். அடுத்த நான்கு கட்டுரைகள் அங்கேயே கிடைக்கும்.

எங்கட ஆக்கள் முதல்ல கப்பல்ல வந்த கதையை மகன் எழுத வேணும். அந்தக் காலத்துப் பேப்பர் பாக்கலாமோ?

பார்க்கலாம். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். குளோப் அன்ட் மெயில் பத்திரிகை 1844இலிருந்தும், ரொறன்ரோ ஸ்டார் 1894இலிருந்தும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அட்டை இருந்தால் வீட்டிலிருந்தே திறக்கலாம்.

1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். மகனிடம் அந்த மாதத்தை மட்டும் தேர்ந்து, ஆங்கிலத்தில் தமிழ், உயிர்காப்புப் படகு, நியூஃபவுண்ட்லாந்து என்று தேடச் சொல்லுங்கள். முதல் நாள் செய்தியோடு நிற்க வேண்டாம். வந்தவர்கள் முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது பிறகு தெரிய வந்தது. அதன்பின் பத்திரிகைகளின் குரலும் வாசகர் கடிதங்களின் குரலும் மாறின. ஒரு கிழமைப் பக்கங்களை வரிசையாகப் படித்தால், பயத்தில் சொன்ன ஒரு சொல்லைச் சுற்றி ஒரு நாடு எப்படி வாதாடியது என்பது பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

பழைய பத்திரிகை தேடுபவர்களுக்கு இரண்டு விடயம். இலங்கையின் ஆங்கிலப் பெயர் 1972இல்தான் சிறீலங்கா என்று மாறியது. அதற்கு முந்தியதைத் தேடும்போது சிலோன் என்று போடுங்கள். அடுத்தது, பக்கத்தில் உள்ள எழுத்துகளைக் கணினி படித்துத்தான் தேடலுக்குக் கொடுக்கிறது. மை மங்கிய இடத்தில் அது பிழையாகப் படித்திருக்கும். எங்கள் ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் அந்தக் காலத்து நிருபர்களே பல விதமாக எழுதினார்கள். சொல் அகப்படாவிட்டால் திகதியைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

இன்றைய பத்திரிகை வேண்டுமென்றால் பிரெஸ்ரீடர் இருக்கிறது. பல நாட்டுப் பத்திரிகைகளை அச்சில் வந்தபடியே காட்டும்.

ஒரு கட்டுரை சரியா பொருந்துது, ஆனா 40 டொலர் கேக்குது. கட்டவோ?

கட்ட வேண்டாம், முதலில் நான்கு கதவு தட்டுங்கள். தலைப்பை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு நூலகத்தின் தரவுத்தளங்களில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கூகிள் ஸ்கொலரில் தேடி, "எல்லாப் பிரதிகளும்" என்ற இணைப்பைப் பாருங்கள். எழுதியவர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசப் பிரதி வைத்திருக்கலாம். மூன்றாவது, ஆய்விதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளம். அங்கே இலவசக் கணக்குத் திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்தில் படிக்கலாம். நான்காவது, எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல். அந்தக் காசில் எழுதியவருக்கு ஒரு சதமும் போவதில்லை என்பதால் பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

அதுவும் சரிவராவிட்டால் நூலகரிடம் கேளுங்கள்.

தமிழில ஏதும் இருக்கோ?

உள்ளதைச் சொல்கிறேன்: நூலகம் சந்தா கட்டுகிற ஆய்வுத் தரவுத்தளங்கள் கிட்டத்தட்ட எல்லாம் ஆங்கிலம்தான். தமிழுக்கு, யாருடைய அட்டையும் தேவைப்படாத வேறு இடங்கள் உண்டு. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம். தமிழ்நாட்டுப் பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழந்தமிழ் இலக்கியத்தின் மூல வரிகள் மட்டும் வேண்டுமானால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம். இவற்றில் நூலகம் தளத்தைப் பற்றி மட்டும் சற்று அதிகம் சொல்ல வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்களும் ஏடுகளும் போயின. பலவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. தன்னார்வலர்கள் வீடு வீடாகக் கிடக்கும் புத்தகங்களையும் மலர்களையும் வாங்கிப் படமெடுத்து ஏற்றுவது அந்த நினைவோடுதான். உங்கள் வீட்டு அலுமாரியில் ஊர்ப் பாடசாலை மலரோ சங்க மலரோ இருந்தால், எறியும் முன் அது அங்கே ஏறியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஒண்டைத் திறக்க "நூலகத்தில் மட்டும்" எண்டு வருது. ஏன்?

சந்தா ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறது. வம்ச வரலாறு தேடும் ஆன்செஸ்ட்ரி அப்படிப்பட்டது. ஒரு கிளைக்குப் போய் அங்கே உள்ள கணினியில் பார்க்க வேண்டும். இதில் இருப்பவை பெரும்பாலும் கனடா, அமெரிக்கா, பிரித்தானியப் பதிவேடுகள். எங்கள் பூட்டன், பூட்டியைத் தேடுபவர்கள் அதிகம் எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

அகதிக் கோரிக்கை பற்றின தீர்ப்புகள் பாக்க லோயருக்குத்தான் முடியுமோ?

யாரும் பார்க்கலாம். கான்லி என்ற தளம் கனடிய நீதிமன்றத் தீர்ப்புகளையும் சட்டங்களையும் இலவசமாகத் தருகிறது. சட்டத்தரணிகளின் அமைப்புகள் சேர்ந்து நடத்துவது, அட்டை வேண்டாம். 1985 ஏப்ரல் 4இல் வந்த சிங் தீர்ப்பை ஒரு தடவை திறந்து பாருங்கள். அகதிக் கோரிக்கையாளருக்கு நேரில் பேசும் விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதில்தான். எங்களில் எத்தனையோ பேர் அந்த விசாரணை மேசையில் உட்கார்ந்தவர்கள்.

படித்து விளங்கிக்கொள்ள இது நல்லது. உங்கள் வழக்கை இதை வைத்து நீங்களே நடத்தப் போகாதீர்கள். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி அலுவலகத்தை நாடுங்கள்.

சட்ஜிபிடியைக் கேட்டா ரெண்டு நிமிஷத்தில லிஸ்ட் தருதே. இவ்வளவு பாடு ஏன்?

அது தரும் பட்டியலில் இல்லாத கட்டுரையும் இருக்கலாம். தலைப்பு நம்பும்படி இருக்கும், இதழின் பெயர் உண்மையாக இருக்கும், ஆனால் அந்த இதழில் அப்படியொரு கட்டுரை வந்திருக்காது. ஒரு மாணவன் கொண்டுவந்த எட்டில் மூன்றை எங்கேயும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு இருவரும் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து மூன்று உண்மையான கட்டுரை தேடினோம்.

வேண்டுமானால் தேடுவதற்கான சொற்களை யோசிக்க அதைப் பாவியுங்கள். முதியோருக்கு வேறு என்ன ஆங்கிலச் சொல் உண்டு என்று கேட்டால் நன்றாகச் சொல்லும். கட்டுரையை மட்டும் தரவுத்தளத்தில் கண்ணால் கண்டு, திறந்து, படித்த பிறகு எழுதுங்கள்.

லைப்ரரியை ஹேக் பண்ணினவங்களாமே. எங்கட விபரம் பாதுகாப்போ?

2023 ஒக்டோபர் கடைசியில் அது நடந்தது. இணையத்தளமும் கிளைகளில் உள்ள கணினிகளும் மாதக்கணக்கில் முடங்கின. களவு போனதில் ஊழியர்களின் விபரங்கள்தான் பெரும்பகுதி. அட்டைதாரர் தரவுத்தளம் பாதிக்கப்படவில்லை என்று நூலகம் அறிவித்தது. இருந்தாலும் வங்கி அட்டைக்கு வைத்திருக்கும் பின் இலக்கத்தை நூலகத்துக்கு வைக்காதீர்கள். கிளைக் கணினியில் பார்த்துவிட்டு எழும்பும்போது எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிட்டு வாருங்கள்.

சில தரவுத்தளங்கள் உள்ளே போனதும் இன்னொரு தனிக் கணக்குத் திறக்கச் சொல்லும். அதில் நீங்கள் கொடுக்கும் பெயரும் மின்னஞ்சலும் அந்த நிறுவனத்திடம் போகும். கட்டாயம் இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள்.

போன வருஷம் பாவிச்சது ஒண்டைக் காணேல்லை. எடுத்துப்போட்டினமோ?

இருக்கலாம். சந்தாக்கள் புதுப்பிக்கப்படும்போது விலை ஏறினாலோ பாவிப்போர் குறைந்தாலோ நூலகம் ஒன்றை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும். நான் மேலே சொன்னவற்றிலும் ஏதாவது மாறலாம். நூலகத்தின் தரவுத்தளப் பட்டியலில் இருப்பதுதான் கணக்கு. போனது உங்களுக்கு உண்மையிலேயே தேவையென்றால் எழுதித் தெரிவியுங்கள். எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்பதை அவர்கள் பார்க்கிறார்கள், எங்கள் சனம் பாவித்தால்தான் எங்கள் சனத்துக்குப் பயன்படுவது தங்கும்.

யாழ்ப்பாணத்தில என்ர மச்சாளின்ர மகள் கம்பசில படிக்கிறாள். என்ர கார்ட் நம்பரைக் குடுக்கலாமோ?

மனம் விளங்குகிறது, எனக்கும் இந்த ஆசை வந்ததுண்டு. ஆனால் கொடுக்கக்கூடாது. சந்தா அட்டைக்கு உரியவருக்கு மட்டும். உங்கள் அட்டையில் நடப்பதற்கெல்லாம் நீங்களே பொறுப்பு. நீங்களே ஊருக்குப் போய் நின்று உங்கள் அட்டையால் திறப்பது வேறு கதை. அட்டை செல்லுபடியாக இருந்தால் பெரும்பாலானவை அங்கேயும் திறக்கும்.

அவளுக்கு அனுப்ப வேண்டியது வேறு. 40 டொலர்க் கேள்வியில் சொன்ன நான்கில் முதலாவதைத் தவிர மற்ற மூன்றும் அவளுக்கும் திறந்தவை. இலங்கை ஆய்விதழ்கள் பல "சிறீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்" தளத்தில் இலவசமாக உள்ளன. மருத்துவம் சார்ந்ததென்றால் பப்மெட் சென்ட்ரல். தெற்காசிய வரலாறு என்றால் தெற்காசியத் திறந்த ஆவணக்காப்பகம், அதை ஜேஸ்டோரிலேயே காசில்லாமல் பார்க்கலாம். அவளுடைய தலைப்பை வாங்கி, இங்கே உங்கள் அட்டையில் ஒரு மணித்தியாலம் நீங்கள் தேடுங்கள். பொருந்துகிற கட்டுரைகளின் தலைப்பு, எழுதியவர், இதழ், வருடம், பக்க எண் எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். அந்த விபரம் கையில் இருந்தால் அவளுடைய பல்கலைக்கழக நூலகரால் மிச்சத்தைத் தேடிக் கொடுக்க முடியும்.